சொத்து வரி நோட்டீஸ் வந்திருக்கா? கட்டுவதற்கு முன் கணக்கைக் கேளுங்க!

வீட்டு வாசலில் பில் கலெக்டர் கொடுத்துவிட்டுப் போகும் தாளை நம்மில் எத்தனை பேர் முழுசாகப் படிக்கிறோம்? கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். அரையாண்டுக்கு இவ்வளவு. ‘ஏத்திட்டாங்கப்பா’ என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் போனை எடுத்து ஆன்லைனில் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கரண்ட் பில் இருநூறு ரூபாய் கூடினால் போய் மீட்டரைப் பார்க்கிறோம். காய்கறிக் கடையில் அஞ்சு ரூபாய் அதிகமாகப் போட்டால் அங்கேயே நின்று கணக்குக் கேட்கிறோம். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கட்டும் சொத்து வரிக்கு மட்டும் எந்தக் கேள்வியும் இல்லை. ‘கவர்மென்ட் போட்ட கணக்கு, சரியாத்தான் இருக்கும்’ என்ற நம்பிக்கையும், ‘கேட்டா மட்டும் குறைச்சிடுவாங்களா?’ என்ற சலிப்பும்தான் காரணம்.

இரண்டுமே சரியில்லை. சொத்து வரிக்கும் ஒரு மீட்டர் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தால், உங்கள் வரி சரியா தப்பா என்று நீங்களே சொல்லிவிடலாம். தப்பு என்றால் அதைத் திருத்தச் சட்டத்தில் வழியும் இருக்கிறது.

வரி எப்படித்தான் வருது?

சென்னையில் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருந்த கணக்கைப் பார்ப்போம். வரி போடப்படுவது வீட்டின் விற்பனை விலைக்கு அல்ல. அந்த வீட்டுக்கு வாடகை வந்தால் எவ்வளவு வரும் என்று மாநகராட்சி வைத்திருக்கும் ஒரு மதிப்புக்குத்தான் வரி. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. குடியிருப்புக்கு அது 60 பைசாவில் இருந்து 2 ரூபாய் 40 பைசா வரை இருந்தது. இன்றைய வாடகையோடு ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஒரு வீடு. 900 சதுர அடி. தெரு மதிப்பு சதுர அடிக்கு 1 ரூபாய் 50 பைசா. பெருக்கினால் மாத வாடகை மதிப்பு 1,350 ரூபாய். இதை 12-ஆல் பெருக்காமல் 10.92-ஆல் பெருக்குவார்கள். அது என்ன கணக்கு? மொத்தத்தில் 10 சதவீதம் நிலத்துக்கு என்று ஒதுக்கி, மீதி 90 சதவீதக் கட்டட மதிப்பில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்குக் கழித்தால் மிச்சம் 81. நிலத்தின் 10-ஐச் சேர்த்தால் 91 சதவீதம். 12 மாதத்தில் 91 சதவீதம் என்பதுதான் 10.92.

ஆக, 1,350 ரூபாயை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு 14,742 ரூபாய். ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் நூலக வரியும் சேர்த்து அரையாண்டுக்கு 12.4 சதவீதம். அப்படிப் பார்த்தால் அரையாண்டு வரி 1,828 ரூபாய். உரிமையாளரே குடியிருந்தால் ஒரு கழிவு, கட்டடத்தின் வயதுக்கு ஒரு கழிவு என்று இடையில் வருபவற்றை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே விட்டிருக்கிறோம்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். பரப்பளவு, தெரு மதிப்பு, எதற்காகப் பயன்படுகிறது, யார் குடியிருக்கிறார்கள், கட்டடத்தின் வயது. இந்த ஐந்தில் எது தப்பாகப் பதிவானாலும் கடைசி வரியில் வரும் தொகையும் தப்புதான்.

2022-ல் என்ன நடந்தது?

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவே இல்லை. 2018-ல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2019 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 15-வது நிதி ஆணையம் ஒரு நிபந்தனை வைத்தது: நகர அமைப்புகளுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாகக் கூட வேண்டும். 2022 ஏப்ரல் தொடக்கத்தில் உயர்வு அறிவிப்பு வந்தது.

புதிதாக அளந்து, புதிதாகக் கணக்குப் போடாமல், ஏற்கெனவே இருந்த வரியைப் பரப்பளவுக்கு ஏற்ப உயர்த்தினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம், அதற்கு மேல் 150 சதவீதம். 2011-ல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளிலும் மற்ற ஊர்களிலும் இதே படிகளுக்கு 25, 50, 75, 100 சதவீதம்.

நமது 900 சதுர அடி வீடு சென்னையின் பழைய பகுதியில் இருந்தால் 1,828 ரூபாய் 3,199 ரூபாயாக ஆகியிருக்கும். அதோடு முடியவில்லை. ஆண்டுக்கு 6 சதவீதம் அல்லது மாநிலப் பொருளாதார வளர்ச்சியின் ஐந்தாண்டு சராசரி, இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்தலாம் என்ற ஏற்பாடும் வந்தது. 2024-ல் சென்னையில் 6 சதவீதம் ஏறியபோது அதே வீட்டுக்கு 3,391 ரூபாய்.

20 சதுர அடியின் விலை

இந்தப் படிக்கட்டு முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பலரும் கவனிக்கவில்லை.

ஒரே தெரு, பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்று 1,190 சதுர அடி, இன்னொன்று 1,210. தெரு மதிப்பு அதே 1 ரூபாய் 50 பைசா. பழைய கணக்கில் முதல் வீட்டுக்கு அரையாண்டு வரி 2,417 ரூபாய், இரண்டாவது வீட்டுக்கு 2,458. வித்தியாசம் 41 ரூபாய். நியாயம்தான், 20 சதுர அடி பெரிய வீடு ஆயிற்றே.

2022 உயர்வுக்குப் பிறகு? முதல் வீட்டுக்கு 75 சதவீதம் ஏறி 4,230 ரூபாய். இரண்டாவது வீடு அடுத்த படிக்குப் போய்விட்டதால் 100 சதவீதம் ஏறி 4,915 ரூபாய். வித்தியாசம் 685 ரூபாய். வருஷத்துக்கு 1,370 ரூபாய்க்கு மேல். ஒரு சின்ன பாத்ரூம் அளவுகூட இல்லாத இடத்துக்கு!

உங்கள் வீட்டின் பரப்பளவு 600, 1,200, 1,800 என்ற எல்லைகளுக்குப் பக்கத்தில் பதிவாகியிருந்தால் டேப்பை எடுத்து நீங்களே ஒரு தடவை அளந்துவிடுங்கள். முன்பெல்லாம் அளவில் பத்து இருபது அடி தப்பியிருந்தால் நாற்பது ரூபாயோடு போயிற்று. இப்போது அதே பழைய தப்பு ஒரு படி ஏற்றிவிடும். அதன் மேல் ஆண்டு உயர்வும் ஏறிக்கொண்டே போகும்.

தப்பு எங்கெல்லாம் வரும்?

அளவு முதல் இடம். அடுக்குமாடி வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பில்டர் விளம்பரத்தில் சொன்ன பரப்பு, பத்திரத்தில் இருக்கும் பரப்பு, சுவருக்குச் சுவர் அளந்தால் வரும் பரப்பு, மூன்றும் மூன்று விதமாக இருக்கும். லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதையில் உங்கள் பங்கைச் சேர்த்த எண்தான் பில்டர் சொன்னது. வரிக் கணக்கில் எந்த எண் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்தது பயன்பாடு. கீழே கடை, மேலே வீடு என்றால் முழுக் கட்டடத்தையும் வணிகம் என்று போட்டிருக்கிறார்களா? கடையைக் காலி செய்துவிட்டுப் பிள்ளைகளைக் குடிவைத்து மூன்று வருஷம் ஆகியும் பதிவேட்டில் இன்னும் கடையாகவே இருக்கிறதா? வணிகத்துக்கான தெரு மதிப்பு குடியிருப்பைவிடப் பல மடங்கு அதிகம். இந்தத் தப்புதான் பணத்தில் பெரியது.

மூன்றாவது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பது. அப்பா காலத்தில் வாடகைக்கு விட்டது, இன்று நாமே இருக்கிறோம். பதிவை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

நான்காவது, ஒரே வீட்டுக்கு இரண்டு அசெஸ்மென்ட் நம்பர். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பீர்கள். புது எண்ணில் வரி கட்டுகிறீர்கள். பழைய எண் மூடப்படாமல் அதில் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். காலிமனை வரியாக இருந்தது கட்டட வரியாக மாறும்போதும் இப்படி நடக்கும். ஒரு நாள் மொத்தமாக நோட்டீஸ் வரும்போதுதான் விஷயமே தெரியும்.

ஐந்தாவது, எந்தத் தேதியில் இருந்து என்பது. நேற்று கட்டி முடித்த மாடிக்கு நாலு வருஷப் பாக்கி கேட்டால், கட்டி முடித்த தேதிக்கு ஆதாரம் காட்டுவது உங்கள் வேலை.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

மனு எழுத உட்காரும் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ‘விலைவாசி ஏறிவிட்டது, பென்ஷனில் வாழ்கிறேன், இவ்வளவு வரி நியாயமா?’ என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். மனசுக்கு அது நியாயம். ஆனால் அந்த மனுவை வாங்கும் அதிகாரிக்கு அரசு அறிவித்த சதவீதத்தைக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. 75 சதவீதம் அதிகம் என்பது கொள்கை பற்றிய வாதம். அதைக் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேட்க வேண்டும், தேர்தலில் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும்.

அதிகாரியிடம் கேட்க வேண்டியது வேறு. ‘உங்கள் விதிப்படியே பார்த்தாலும் என் வீட்டுக்கு இந்தக் கணக்கு தப்பு’ என்பதுதான் அந்த வாதம். அதற்கு எண் வேண்டும், ஆதாரம் வேண்டும். கோபம் வேண்டியதில்லை.

மனுவை இப்படி எழுதலாம்

முதலில் நோட்டீசில் ஆட்சேபணைக்கு எத்தனை நாள் கெடு என்று பாருங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். கெடு தாண்டினால் நல்ல வாதமும் செல்லாக்காசு.

மனு ஆணையர் பெயருக்கு இருக்கட்டும். ஊரைப் பொறுத்து மண்டல அலுவலகத்திலோ நகராட்சி அலுவலகத்திலோ கொடுக்கலாம். சென்னை போன்ற இடங்களில் ஏ.ஆர்.ஓ. என்று எல்லோரும் சொல்லும் உதவி வருவாய் அலுவலரின் மேசைக்குத்தான் அது வரும். ஒரு பக்கம் போதும். இந்த மாதிரி:

‘மேற்படி வரிவிதிப்பு எண்ணுக்குரிய எனது வீட்டின் பரப்பளவு 1,210 சதுர அடி எனப் பதிவாகியுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியும் நேரில் அளந்தபடியும் பரப்பளவு 1,190 சதுர அடி மட்டுமே. எனவே நேரில் அளவீடு செய்து, உரிய பரப்பளவின்படி வரியைத் திருத்தி, கூடுதலாகச் செலுத்திய தொகையை வரும் அரையாண்டு வரியில் ஈடுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவீட்டின்போது நான் உடனிருக்க வசதியாக முன்கூட்டியே தேதி தெரிவிக்கவும்.’

அவ்வளவுதான். கூடவே வைக்க வேண்டியவை: நோட்டீஸ் நகல், முந்தைய வரி ரசீதுகள், பத்திரத்தில் பரப்பளவு இருக்கும் பக்கம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். பயன்பாடு பற்றிய பிரச்சினை என்றால் கரண்ட் பில் நல்ல சாட்சி. வீட்டு இணைப்பு என்றால் அதில் டேரிஃப் 1-ஏ என்று இருக்கும். சொந்தக் குடியிருப்பு என்பதற்கு அதே முகவரியில் ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் புக். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ‘வச்சுட்டுப் போங்க சார், பார்க்கிறோம்’ என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

கணக்கை எப்படிப் போட்டார்கள் என்றே சொல்லவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில், ‘எனது வரிவிதிப்பு எண்ணுக்கான பரப்பளவு, தெரு மதிப்பு, பயன்பாடு, வழங்கிய கழிவுகள், கணக்கீட்டுத் தாள் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதில் வரட்டும் என்று மனுவின் கெடுவைத் தவறவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

அப்பீல் போட்டாச்சு, வரியை நிறுத்திடலாமா?

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் பலர் ரோஷப்பட்டு நஷ்டப்படுகிறார்கள். அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி. மனு மேசையில் தூங்கும், வட்டி தூங்காது. ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டிவிடுங்கள். மேல்முறையீட்டில் ஜெயித்தால் கூடுதல் தொகையை அடுத்த வரியில் ஈடுசெய்யக் கேட்கலாம்.

ஆணையர் நிலையில் மனு தள்ளுபடியானால், மாநகராட்சிகளில் கவுன்சிலர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதற்கு மேல் நீதிமன்றம். தள்ளுபடி உத்தரவைக் காரணங்களோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை எதிர்த்து அப்பீல் போட முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அளக்க வருகிறவர் உங்களுக்குச் சாதகமானதை மட்டும் அளக்க மாட்டார். அனுமதி இல்லாமல் மாடியில் எழுப்பிய அறையும் டேப்புக்குள் வரலாம். நம் பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மனு போடுவது நல்லது.

இன்னொன்று. சொத்து வரி ரசீது வீட்டுக்கு உரிமைப் பத்திரம் ஆகாது. உங்கள் பெயரில் ரசீது வருகிறது என்பதற்காக உரிமை நிலைநாட்டப்பட்டதாக நினைக்க வேண்டாம். வேறொருவர் பெயரில் வருகிறது என்பதற்காக வீடு கைவிட்டுப் போனதாகப் பதறவும் வேண்டாம்.

மாநகராட்சிகள் செய்ய வேண்டியது என்ன?

இத்தனையும் குடிமக்கள் செய்ய வேண்டியது. ஆனால் கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு பாட்டி தகவல் உரிமை மனு போட வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு பாட்டியிடம் இல்லை.

வரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெருவிளக்கும், குப்பை வண்டியும், மழைநீர் வடிகாலும் வானத்தில் இருந்து வருவதில்லை. இருபத்தி நாலு வருஷம் வரியைத் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்கியது அரசியல் தவறு. ஆண்டுதோறும் சிறிதாக உயர்த்துவது அதைவிட நேர்மையானது. ஆனால் அந்த நேர்மை கணக்கிலும் தெரிய வேண்டாமா?

கரண்ட் பில்லில் யூனிட்டும் விலையும் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் லிட்டரும் விலையும் இருக்கிறது. சொத்து வரி நோட்டீசில் பரப்பளவு, தெரு மதிப்பு, பயன்பாடு, கழிவு, உயர்வு சதவீதம் என்று ஐந்து வரி அச்சிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும். கணினியில் இருக்கும் தகவல்தானே, அச்சிட என்ன தடை?

இரண்டாவது, அந்தப் படிக்கட்டு. வருமான வரியில் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குத்தான் கூடுதல் விகிதம். அதேபோல 1,200 சதுர அடி வரை ஒரு விகிதம், அதற்கு மேல் உள்ள 10 அடிக்கு மட்டும் அடுத்த விகிதம் என்று வைத்தால், 20 சதுர அடிக்கு 685 ரூபாய் என்ற கொடுமை இருக்காது. அளவைக் குறைத்து எழுத ஒரு கவரைக் கொடுக்கும் ஆசையும் குறையும்.

அந்த ஆசை கற்பனை இல்லை. 2025-ல் மதுரை மாநகராட்சியில் வெளியே வந்த சொத்து வரி முறைகேட்டு விவகாரத்தில், அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திச் சில கட்டடங்களுக்கு வரியைக் குறைத்ததாகப் புகார் எழுந்தது. கைதுகள் நடந்தன, மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்குத் தெரிய வேண்டிய பாடம் ஒன்றுதான். கணக்கு யாருக்கும் தெரியாமல் இருக்கும் இடத்தில், பெரியவர்களுக்குக் குறைவதும் சின்னவர்களுக்குக் கூடுவதும் ஒரே இருட்டில்தான் நடக்கும்.

அதனால், அடுத்த நோட்டீஸ் வரும்போது கடைசி வரிக்கு முன்னால் இருக்கும் வரிகளையும் படியுங்கள். 1,190-ஆ 1,210-ஆ என்று பாருங்கள். சரியாக இருந்தால் நிம்மதியாக, ஊக்கத்தொகையோடு கட்டுங்கள். தப்பாக இருந்தால் ஒரு பக்க மனுவும் ஓர் அலுவலக முத்திரையும் போதும், ஆரம்பிக்கலாம். வரி கட்டுவது நம் கடமை. கணக்குக் கேட்பதும் அதில் சேர்ந்ததுதான்.